சாவி என்னிடம் இருக்கிறது

குச்சனூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தேவயானி அப்பாவுக்கு,

பவுனு எழுதுவது. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்கள், ராத்திரியில் ஓரளவு தூக்கம் வருகிறது என்று மறுவாழ்வு இல்லத்திலிருந்து சொன்னார்கள். கேட்டுச் சந்தோஷம். நானும் மகளும் இங்கே நன்றாக இருக்கிறோம். அங்கே மூன்று மாதத்துக்குப் போன் கிடையாது, கடிதம்தான், அதையும் ஆலோசகர் சார் படித்துப் பார்த்துத்தான் தருவார் என்றார்கள். அதனால் அவருக்கும் சேர்த்து ஒரு வணக்கம். சார், இந்தக் கடிதத்தில் கொஞ்சம் சண்டை இருக்கும். தயவுசெய்து நிறுத்தி வைக்காமல் அவர் கையில் கொடுங்கள்.

உங்கள் கடிதம் வந்தது. நலம் விசாரித்தது ஒரு வரி, மற்றதெல்லாம் டிராக்டர். "என் கை நடுக்கம் நிற்கவில்லை. இந்தக் கை இனிமேல் ஸ்டியரிங்குக்கு ஆகாது. அண்ணன் ஆள் பார்த்திருக்கிறார். சாவியையும் ஆர்.சி. புக்கையும் அவரிடம் கொடுத்துவிடு" என்று எழுதியிருக்கிறீர்கள். கொடுக்க மாட்டேன். பெண் பேரில் எடுத்தால் மானியம் கூடக் கிடைக்கும் என்று நீங்கள்தானே அதை என் பேரில் எடுத்தீர்கள்? என்னைப் பானெட்டுக்கு முன்னால் நிறுத்தி, கையில் மாலையைக் கொடுத்துப் போட்டோ எடுத்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு அது அதிகாரிகளுக்குக் காட்ட. இன்றைக்கு நான் நிஜமாகவே என் வண்டி என்கிறேன். இதில் கோபப்பட என்ன இருக்கிறது?

உங்கள் அண்ணன் தவசி மாமா வெள்ளிக்கிழமை வந்தார். வாசலில் நின்றபடியே, "ஏத்தா பவுனு, தம்பியே எழுதிட்டான்ல. குமுளிப் பக்கம் ஏலத்தோட்டம் வச்சிருக்காக, சசிதரன்னு பேரு. ரெண்டு வாரத்துல வந்து வண்டியப் பாக்குறேன்னு சொன்னாக" என்றார். "வந்து பாக்கட்டும் மாமா, பாக்குறதுல என்ன" என்றேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார். போகும்போது, நம் வீட்டுப் பெண் ரோட்டில் டிராக்டர் ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்துச் சின்னமனூர் வரைக்கும் ஊரே சிரிக்கிறது என்றும் சொன்னார். நீங்கள் எழுந்திருக்க முடியாமல் கிடந்த காலை நேரமெல்லாம் இந்த வண்டியை யார் எடுத்து ஓரங்கட்டினார்கள், யார் டீசல் போட்டுக்கொண்டு வந்தார்கள் என்று சின்னமனூரில் யாராவது கேட்டார்களா? லைசென்ஸ் வாங்கிவிட்டேன். சிரிக்கிறவர்கள் ஓரமாக நின்று சிரிக்கட்டும், ஹாரன் அடித்துவிட்டுப் போகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பிச்சைமணி அண்ணன் திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டி முடிந்துவிட்டது. எரு போட வேண்டும், "குப்பையடிக்க வண்டி வருமாத்தா?" என்று கேட்டார். வரும் என்று சொல்லிவிட்டேன். பந்தலுக்குள் டிராக்டர் நுழையாது. வரப்போரமாக நிறுத்தி டிரெய்லர் பெட்டியைத் தூக்கிக் கொட்டினால், அங்கிருந்து ஆட்கள் கூடையில் அள்ளிப் போவார்கள். இந்தச் சீசனில் என்னை நம்பி முதலில் கூப்பிட்டவர் அவர்தான். அவருக்கு ஒழுங்காகச் செய்து கொடுத்தால் அந்த வரிசைத் தோட்டக்காரர்கள் அத்தனை பேரும் நம்மைக் கூப்பிடுவார்கள். சொதப்பினால் எல்லோரும் தவசி மாமா சொன்னதுதான் சரி என்பார்கள். அப்புறம் வண்டியை வைத்துக்கொண்டு நான் மட்டும் என்ன செய்வேன்? விற்கத்தான் வேண்டும்.

நீங்கள் போனதிலிருந்து டிப்பர் டிரெய்லர் கிணற்றடியில் வெயிலிலேயே நின்றது. வண்டியைப் பின்னால் எடுத்து, கொக்கியில் மாட்டி, இரும்புப் பின்னை இறக்கிப் பூட்டினேன். ஒரே தடவையில் நேராகப் போய் நின்றது, நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அப்புறம் பெட்டியைத் தூக்குகிற ஜாக்கியிலிருந்து வருகிற எண்ணெய் ஹோஸை எடுத்து, டிராக்டர் சீட்டுக்குப் பின்னால் ஹோஸ் மாட்டுகிற கப்ளிங்கில் சொருகினேன். போக மாட்டேன் என்கிறது. இடுப்பைக் கொடுத்துத் தள்ளினேன், எதிர்த்துத் தள்ளுகிறது. பக்கத்தில் இருக்கிற இன்னொரு கப்ளிங்கில் சொருகிப் பார்த்தேன், அதிலும் அதே கதை. ஹோஸ் மாட்டாமல் ஜாக்கி எழும்பாது, பெட்டி தூக்காது. உள்ளங்கை கன்றிப்போனதுதான் மிச்சம்.

சனிக்கிழமை மாமா வந்து வேடிக்கை பார்த்தார். "அது பொம்பளக் கைக்கு அடங்காதுத்தா, தள்ளு" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே இறங்கினார். முகமெல்லாம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு டயரில் சாய்ந்துவிட்டார். நான் மாட்ட முடியாததற்குக் காரணம் பொம்பளைக் கை என்றால், நீங்கள் மாட்ட முடியாததற்கு என்ன காரணம் மாமா என்று கேட்டேன். வேண்டுமென்றே கேட்கவில்லை, வாயில் வந்துவிட்டது. கோபத்தில் சுத்தியலை எடுத்துவிட்டார். நான் போய்க் கப்ளிங்குக்கு முன்னால் நின்றுகொண்டேன். அடிப்பதென்றால் முதலில் என் மேல் படும் என்று தெரிந்ததும் சுத்தியலைக் கீழே போட்டார்.

அதோடு விட்டாரா? கோயில் வாசலில் போய் நல்லெண்ணெய் பாட்டில் ஒன்று வாங்கி வந்து, "சனிக்கிழமையும் அதுவுமா இறுகிக்கிருச்சு. இதுல நாலு சொட்டு விடு, ஈசுவரன் பாத்துக்குவாரு" என்றார். விளக்குக்கு ஊற்றுகிற எண்ணெய் வண்டிக்கு ஆகாது, உள்ளே போய்ப் பிசினாக ஒட்டிக்கொள்ளும் என்று பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டேன். சாயங்காலம் அந்த எண்ணெயிலேயே சனீசுவரருக்கு விளக்குப் போட்டேன். வண்டிக்காக இல்லை, உங்களுக்காக.

கொடுக்கிற மாத்திரையைத் துப்பாமல் விழுங்குங்கள். மழைக்காலம், தலைக்குத் துண்டு கட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஆர்.சி. புக்கில் பேர் உள்ள
பவுனு

குச்சனூர்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தேவயானி அப்பாவுக்கு,

பவுனு எழுதுவது. போன வாரக் கடைசியில் உங்கள் பதில் வந்ததும் தேவயானி அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். நான் வாங்கிப் படித்துவிட்டு அடுப்படிக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன். ஏன் என்று கேட்காதீர்கள். வண்டியை விற்கச் சொல்லி அதில் ஒரு வரிகூட இல்லை. "இன்ஜினை அணைத்துவிட்டு பெட்டி தூக்குகிற லிவரை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தாயா? அண்ணன் கையில் சுத்தியலைக் கொடுக்காதே" என்று மட்டும் இருந்தது. எத்தனை நாளாயிற்று நீங்கள் ஒரு விஷயத்தை இப்படிக் கருத்தாகக் கேட்டு? வண்டி பழுதானதும் நல்லதுக்குத்தானோ என்றுகூட எனக்குத் தோன்றிவிட்டது.

நீங்கள் சொன்னபடி இன்ஜினை அணைத்துவிட்டு லிவரை ஆட்டினேன். டிராக்டர் பக்கம் அடைந்திருந்த அழுத்தம் அதில் இறங்கியிருக்க வேண்டும். அப்படியும் ஹோஸ் போகவில்லை. சரி, கப்ளிங்தான் தேய்ந்துவிட்டது, புதுசு வாங்கிவிடலாம் என்று பஸ் ஏறிப் பழனிசெட்டிபட்டிக்குப் போனேன். நீங்கள் எப்போதும் ஹோஸ் வாங்குகிற ஜாஸ்பர் அண்ணன் கடைதான். இப்போது அவர் மகள் ஜெபஷீலாதான் கடையைப் பார்க்கிறாள். கையெல்லாம் கிரீஸ், காதில் போன், கடைப் பையன்களை அதட்டிக்கொண்டே வியாபாரம். எனக்கு அவளை மிகவும் பிடித்துவிட்டது.

புது கப்ளிங் கொடு என்றால் கொடுக்க மாட்டேன் என்கிறாள். "எதுக்குக்கா புதுசு? டிரெய்லர் வெயில்ல நின்னுச்சா இல்லையா, அதச் சொல்லுங்க" என்றாள். நின்றது என்றேன். "ஹோஸுக்குள்ள அடைஞ்சு கெடக்குற எண்ணெய் சூட்டுல விரியும்க்கா. வெளிய போக வழி இல்ல. நீங்க இங்கேருந்து அமுக்குறீக, அது அங்கேருந்து அமுக்குது. மல்லுக்கட்டுனா அதுதான் ஜெயிக்கும். புதுசு வாங்கிட்டுப் போனாலும் இதே கததான்" என்றாள். அப்புறம் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். நான் தலையாட்டிக்கொண்டே நின்றேன். அவள் விடவில்லை, திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்து அதேபடி செய்தேன். பெட்டி முழுக்கக் கீழே இறங்கி உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டேன். வெயில் ஏறாத காலை நேரம். ஜாக்கி பக்கம் ஹோஸ் சேருகிற நட்டைச் சுற்றிப் பழைய துணியைக் கட்டி, ஸ்பேனரால் கொஞ்சமே கொஞ்சம் தளர்த்தினேன். எண்ணெய் பீச்சுகிற இடத்தில் கையை வைத்துப் பார்க்கவே கூடாது, அது தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், அப்புறம் விரலையே எடுக்க வேண்டி வரும் என்று ஜெபஷீலா கண்ணை உருட்டிச் சொல்லியிருந்தாள். அதனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒதுங்கியே நின்றேன். சீ என்று ஒரு சத்தம். துணி நனைந்தது. அவ்வளவுதான். மறுபடி நட்டை முறுக்கினேன். ஹோஸ் முனையில் இருக்கிற சின்ன மூக்கை ஒரு மரத்துண்டால் அமுக்கினால் இப்போது சமர்த்தாக உள்ளே போகிறது. அதற்கு முன்னால் கல் மாதிரி நின்றதுதானே அது! நான் போட்ட சத்தத்தில் தேவயானி பல் விளக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே ஓடிவந்தாள்.

சந்தோஷம் அத்தோடு சரி. டிராக்டர் கப்ளிங்கில் சொருகினால் முன்னைவிடக் கொஞ்சம் உள்ளே போகிறது, ஆனால் பூட்டிக்கொள்ளவில்லை. கையை எடுத்தால் கழன்று விழுகிறது. கப்ளிங்கைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறதே, அது முன்னும் பின்னும் நகர்ந்தால்தான் உள்ளே பூட்டு விழுமாம். அந்த வளையம் அசையவே இல்லை. இரண்டிலும் அப்படித்தான். ஒன்றில் டீசல் விட்டு ஊற வைத்தேன். ம்ஹூம். எனக்கு வந்த ஆத்திரத்தில், மாமா போட்டுவிட்டுப் போன சுத்தியலை நானே ஒரு தடவை தூக்கிவிட்டேன். நீங்கள் எழுதியது ஞாபகம் வந்து கீழே வைத்தேன்.

சசிதரன் என்கிறவர் வெள்ளிக்கிழமை காலையில் வருகிறாராம். மாமா வேலியோரம் நின்று சொல்லிவிட்டுப் போனார். பிச்சைமணி அண்ணனும் அதே வெள்ளிக்கிழமை காலைக்குள் முதல் நடை எரு வந்தாக வேண்டும், ஆட்களுக்குச் சொல்லியாயிற்று என்கிறார். இல்லாவிட்டால் வேறு வண்டி பார்த்துக்கொள்வாராம். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் வேலை ஆக வேண்டுமே.

நாளைக்குக் காலையில் இரண்டு கப்ளிங்கையும் டிராக்டரிலிருந்து கழற்றி, பையில் போட்டுக்கொண்டு மறுபடி ஜெபஷீலா கடைக்குப் போகப்போகிறேன். கழற்றினால் திரும்ப மாட்டத் தெரியுமா என்று மாமா கேட்டார். கழற்றும்போதே பார்த்துக்கொண்டால் மாட்டத் தெரியாதா? சமையலறைக் குழாயை வருஷா வருஷம் கழற்றி மாட்டுகிறவள் நான்தான். வண்டியில் செய்தால் மட்டும் அது ஆம்பிளை வேலை ஆகிவிடுகிறது.

நீங்கள் லிவரைப் பற்றிக் கேட்ட மாதிரி இன்னும் ஏதாவது தோன்றினால் எழுதுங்கள். கை நடுங்கினாலும் பரவாயில்லை, கோணல் எழுத்தை எனக்கு வாசிக்கத் தெரியும்.

இப்படிக்கு,
இன்னும் விற்காத
பவுனு

குச்சனூர்
வெள்ளிக்கிழமை சாயங்காலம்

அன்புள்ள தேவயானி அப்பாவுக்கு,

பவுனு எழுதுவது. இந்தக் கடிதத்தை நின்றுகொண்டே படிக்காதீர்கள். எங்கேயாவது உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். கெட்ட செய்தி இல்லை, பயப்படாதீர்கள்.

புதன்கிழமை கப்ளிங் இரண்டையும் கொண்டுபோய் ஜெபஷீலா மேசையில் வைத்தேன். அவள் ஒன்றை எடுத்து, வாயைத் துடைத்து, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு மோந்தாள். மோந்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. "அக்கா, இதுக்குப் பொட்டு வச்சது யாரு?" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "வருசா வருசம் ஆயுத பூச முடிஞ்சா எனக்கு இப்பிடி ரெண்டு மூணு கேசு வரும்க்கா. பானெட்டுக்கு வைக்கிறீக, டயருக்கு வைக்கிறீக, சரி. மூடியக் கழட்டி உள்ள வரைக்கும் வச்சா? சந்தனம் எண்ணெயோட சேந்து காஞ்சு சிமெண்டா நிக்குது. வளையம் எப்பிடி நகரும்?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. நீங்கள்தான் வைத்தீர்கள்.

நவராத்திரிக்கு முந்தின நாள் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு, பூஜை முடிகிற வரை பாட்டிலைத் தொடமாட்டேன் என்றீர்கள். முதல் மூன்று நாள் போர்வைக்குள் கிடந்து உதறினீர்கள், நான்தான் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் மெல்ல மெல்ல நின்றது. பூஜை அன்றைக்கு விடியும் முன்னே குளித்துவிட்டு, வண்டியைத் துண்டு துண்டாகத் துடைத்தீர்கள். சந்தனம் போதவில்லை, இன்னும் அரை என்றீர்கள். பகல் முழுக்க வண்டியோடுதான் இருந்தீர்கள். மறுநாள் கயிற்றை அவிழ்த்ததும் என்ன ஆயிற்று, அதற்கப்புறம் நீங்களே ஏன் என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர் என்றீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை இங்கே எழுதவில்லை.

இனிமேல் சொல்லப்போவதுதான் முக்கியம். கப்ளிங் வாய்க்குள் சுற்றிலும் சின்னச் சின்ன இரும்புக் குண்டுகள் இருக்கின்றன, கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு. அதுதான் பூட்டாம். ஒன்றில் சந்தனம் உதிர்ந்து குழம்பிக் கிடந்தது. இன்னொன்றில் அப்படியே இருந்தது. ஒவ்வொரு குண்டின் மேலும் ஒரு பொட்டு, அதன் நடுவில் துளி குங்குமம். தீக்குச்சி முனையால்தான் வைத்திருக்க முடியும். ஒன்றுகூட வழியவில்லை, ஒன்றுகூட இடம் மாறவில்லை. ஜெபஷீலா சிரிப்பை நிறுத்திவிட்டு, "யாருக்கா இது, இம்புட்டு நிதானமா வச்சிருக்காக? நகைப் பட்டறையில வேல பாக்குறாகளா?" என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் என்றேன். "அவுக கை கைதான்க்கா" என்றாள்.

கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கை இனி ஸ்டியரிங்குக்கு ஆகாது என்று எனக்கு எழுதினீர்களே, அந்தக் கையைத்தான் முன்பின் தெரியாத ஒரு பெண் அப்படிச் சொன்னாள். குடிக்காமல் ஒரு வாரம் தாண்டினால் அந்தக் கை என்ன செய்யும் என்பதற்கு எனக்கு இனி யாருடைய சாட்சியும் வேண்டாம், உங்களுடையதும் வேண்டாம். நான் என் கண்ணால் பார்த்தேன். நடுக்கம் நிற்காது என்று இன்னொரு தடவை எழுதினீர்கள் என்றால் அந்தக் கடிதத்தைப் பிரிக்காமலே திருப்பி அனுப்புவேன். சார், இதைத் தயவுசெய்து அவருக்கு ஒரு தடவை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

ஊசியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. நானே எடுக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு பொட்டாக எடுக்கும்போது அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, உங்கள் மேல் கோபமும் வந்தது. பழைய பல் பிரஷில் டீசல் தொட்டுத் தேய்த்து, காற்றடித்துக் கழுவியதும் வளையம் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. புதுசு ஒன்றும் வாங்கவில்லை. மூடி மட்டும் இரண்டு வாங்கினேன், பழசு விரிசல் விட்டிருந்தது. வீட்டுக்கு வந்து கப்ளிங் இரண்டையும் நானே திரும்ப மாட்டினேன். இதை ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. தூசி அடைத்திருந்தது என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

இன்று காலையில் ஜீப் வந்தது. சசிதரன் நல்ல மனிதர்தான், வெள்ளை வேட்டி, அமைதியான பேச்சு. மாமா எனக்கு முன்னால் போய், வண்டி நல்ல வண்டி, ஓட்ட ஆள் இல்லை, அதுதான் கொடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் குறுக்கே பேசவில்லை. எரு ஏற்றிய டிரெய்லருக்கு முன்னால் வண்டியைப் பின்னால் எடுத்துக் கொக்கி மாட்டினேன். இன்ஜினை அணைத்தேன். லிவரை முன்னும் பின்னும் ஆட்டினேன். மூடியைக் கழற்றி, இரண்டு முனையையும் சுத்தத் துணியால் துடைத்து, ஒரே தள்ளு. டக் என்றது. அந்தச் சத்தத்தைக் கடிதத்தில் எப்படி அனுப்புவது என்று தெரியவில்லை. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. மாமாவைத் திரும்பிப் பார்த்தேன், அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தோட்டத்துக்குக் குப்பையடிக்கப் போகிறேன், வண்டி வேலை செய்வதைப் பார்க்க வேண்டும் என்றால் பின்னாலேயே வாருங்கள் என்றேன். வந்தார்கள். பிச்சைமணி அண்ணன் வரப்பில் ஆட்களோடு நின்றிருந்தார். பந்தலோரமாகப் பின்னால் எடுத்து நிறுத்திப் பின்கதவைத் திறந்துவிட்டு லிவரை இழுத்தேன். ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. என் உயிர் என்னிடத்தில் இல்லை. அப்புறம் ஜாக்கி எழும்பியது, பெட்டி தூக்கியது, எரு மொத்தமும் சொன்ன இடத்தில் சரிந்து விழுந்தது. பிச்சைமணி அண்ணன், "அடுத்த நட எப்பத்தா?" என்றார். அந்த மனுஷனுக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும் வேறு எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

சசிதரன் பக்கத்தில் வந்து, "சேச்சி, வண்டி நல்ல கண்டிஷன். கொடுக்குந்நோ, இல்லையோ?" என்றார். இல்லை சேட்டா, உங்கள் தோட்டத்துக்கு எரு வேண்டுமென்றால் சொல்லுங்கள், கொண்டுவந்து கொட்டுகிறேன் என்றேன். அவர் மாமாவைப் பார்த்து, "பின்னே எதுக்கு என்னெ விளிச்சது?" என்றார். கூப்பிட்டவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சசிதரன் கோபித்துக்கொள்ளவில்லை, என் போன் நம்பரை வாங்கிக்கொண்டு போனார்.

மாமா போகவில்லை. வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார். நான் பெட்டியை இறக்கிவிட்டு வந்தபோதுதான் சொன்னார். "ஊரு சிரிக்குதுன்னு சொன்னேன், அதுல்லத்தா. அவன் திரும்பி வந்து, என்னைக்காவது ஒருநாள் ஊத்திக்கிட்டு இதுல ஏறி உக்காந்தான்னா? வாய்க்கா மேட்டுல கவுந்து கெடந்தான்னா? என்னால பாக்க முடியாதுத்தா. வண்டி இல்லேன்னா அந்தப் பயம் இல்லேல" என்றார். கண் கலங்கியிருந்தது. உங்களுக்கும் அதே பயம்தான் என்று எனக்குத் தெரியும். கை நடுக்கம் என்று எழுதியதெல்லாம் அதற்கு ஒரு சாக்கு. எனக்கும் அந்தப் பயம் இல்லையென்று நினைத்தீர்களா? உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து நான்தான் இத்தனை வருஷம் பயந்தேன்.

ஆனால் பயந்துகொண்டு விற்க மாட்டேன். மாமாவிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். சாவி என்னிடம் இருக்கிறது. தாலியோடு சேர்த்துக் கோத்திருக்கிறேன், தூங்கும்போதும் கழற்றுவதில்லை. நீங்கள் குடித்துவிட்டு வந்தால் தரமாட்டேன், என்ன செய்தாலும் தரமாட்டேன். குடிக்காமல் வந்தாலும் உடனே தரமாட்டேன். வந்ததும் பின்னால் நின்று எனக்கு ஹோஸ் மாட்டிக் கொடுங்கள். ஓட்டுவதற்கு நான் இருக்கிறேன், மாட்டுவதற்குத்தான் ஒரு நிதானமான கை வேண்டியிருக்கிறது. அப்புறம் எப்போது தருவது என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

கப்ளிங் மூடி ஒன்று எரு மேல் விழுந்து கிடந்தது. மாமா அதை எடுத்துத் தன் வேட்டி நுனியால் துடைத்து என் கையில் கொடுத்தார். "இத அங்கன இங்கன போடாத, மண்ணு போயிரும்" என்றார். நாளைக்கு இரண்டாம் நடைக்கு எரு ஏற்ற அவரும் வருகிறாராம்.

ஸ்டியரிங் நடுவில் நீங்கள் வைத்த பொட்டு அப்படியே இருக்கிறது. அதை மட்டும் நான் துடைக்கவில்லை. ஓட்டும்போது கண் அதன் மேலேயேதான் போகிறது.

தேவயானி உங்களுக்குத் தனியாக எழுதுகிறாளாம். குளிர் ஆரம்பித்துவிட்டது, பெரிய போர்வை ஒன்று பார்சலில் வருகிறது. கொடுத்த மருந்தைச் சாப்பிட்டு, சொன்னதைக் கேட்டு, முழு நாளும் இருந்து முடித்துவிட்டு வாருங்கள். பாதியில் வந்தால் வாசலில் நான்தான் நிற்பேன்.

அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனத்தை நான் அரைத்துத் தருகிறேன், எவ்வளவு கேட்டாலும் அரைத்துத் தருகிறேன். பொட்டை நீங்கள்தான் வைக்க வேண்டும், வேறு யார் வைத்தாலும் எனக்குப் பிடிக்காது. ஆனால் கப்ளிங்குக்கு மட்டும் மூடியைக் கழற்றாமல், மூடி மேல் வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பவுனு